தம்பி தின்னாத பிஸ்கட்

இப்போது கடைக்குப் போனால் 'க்ளூட்டன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. உடம்பு இளைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். என் வயதுக்காரர்களே, உங்களைச் சொல்லவில்லை. நமக்கு வாய்த்தது சர்க்கரையும் மூட்டுவலியும்தான். ஆனால் ஆம்பூரில் எங்கள் தெருவிலேயே அந்த வார்த்தையை முதலில் கேட்ட வீடு எங்களுடையது. நாற்பது வருடம் ஆகிறது. அந்த வருடத்து மழைக்காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை அப்பாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் சொல்ல வேண்டி வந்தது. அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. எனக்குப் பதினொன்று. அதற்கு முந்தைய வருடம்தான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு இருப்பது இன்னது என்று சொன்னார்கள். அதுவரை அவன் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டும் கைகால் குச்சி குச்சியாகவும் இருந்ததற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பூச்சி என்றார்கள், மாந்தம் என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். நாங்களும் விளக்கெண்ணெய் ஊற்றினோம், மந்திரித்தோம், கயிறு கட்டினோம். அவனுக்கு மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு போகும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் கடுகளவு கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற சத்து அவனுக்கு ஆகாது, அது உள்ளே போனால் இவன் உடம்பே இவன் குடலைத் தாக்குகிறது என்றார் டாக்டர். அரிசி, கேழ்வரகு, பருப்பு, கறி எல்லாம் தின்னலாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆயுசுக்கும் கூடாது. அப்பா மருந்து கேட்டார். அதைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து என்றார் டாக்டர். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது.

"தெரியாம கொஞ்சம் உள்ள போய்ட்டா வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும், வாந்தி கூட வரலாம். ஒரு நாளோ ரெண்டு மூணு நாளோ இருந்துட்டு அடங்கும். தண்ணி மட்டும் விடாம குடுங்க. ஆனா ஒண்ணு. குடிக்கிற தண்ணி கூட நிக்கல, ஒண்ணுக்கு சரியா போகல, கண்ணு குழி விழுந்து பையன் சோர்ந்து கெடக்கறான், பேதியில ரத்தம் வருது, வலி தாங்காம சுருண்டுக்கறான், இதுல எது இருந்தாலும் காரணம் தேடிக்கினு உக்காராதீங்க. தூக்கிக்கினு வந்துடுங்க."

அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அதை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தார். அப்புறம் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ரெண்டு மூணு நாளில் அடங்கும் என்பதை மட்டும் அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆம்பளைகளுக்குத் தேவையான பாதி மட்டும்தான் காதில் விழும்.

நம் ஊரில் கோதுமையைத் தள்ளி வைப்பது ஒன்றும் பிரமாதமில்லை என்று தோன்றும். சோறுதானே தின்கிறோம்? வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டீக்கடை பன், பரோட்டா, பள்ளிக்கூட வாசலில் விற்கும் வர்க்கி, எல்லாம் மைதா. இதில் பெரிய கூத்து, உடம்பு சரியில்லாதவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ரொட்டிப் பாக்கெட்டோடுதான் வருவார்கள். தம்பியைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த ரொட்டியையே ஒரு வாரத்துக்கு நான் தின்றிருக்கிறேன், அதுவும் வெளியே போய், வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ரேஷன் கோதுமையை அம்மா வாங்கின கையோடு பக்கத்து வீட்டுப் பாயம்மாவிடம் கொடுத்துவிடுவாள். பாயம்மா பதிலுக்கு அரிசி கொடுப்பார்.

பாயம்மா என்றுதான் தெருவே கூப்பிடும். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, வெளியூரில் வேலை பார்த்த வீட்டுக்காரர். இடையில் ஒரு மண் சுவர், அதன் மேல் அவருடைய தலை எப்போதும் தெரியும். தம்பி பசி தாங்காமல் அழுதால் சுவருக்கு மேலே வெள்ளைச் சோறும் தால்சாவும் வரும். கோதுமை விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டில் சப்பாத்தி போடும் நேரத்தில் தம்பியை உள்ளே விடமாட்டார். ரம்ஜானுக்குச் சேமியா கொடுத்து அனுப்பாமல், "இவனுக்காகத்தான்" என்று சொல்லி அரிசிப் பாயசம் காய்ச்சிக் கொடுத்தார்.

ஒரு வருடம் தம்பி நன்றாகத் தேறினான். கன்னம் வந்தது. ஓடினான், கடித்தான், என் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்தான். ஆவணி வாக்கில் மறுபடி மெலிய ஆரம்பித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா டப்பா ஒட்டும் வேலைக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் குவிந்த நேரம். ஷூ வைக்கிற அட்டை டப்பாவை வீடுகளில் கொடுத்து ஒட்டி வாங்குவார்கள். ஏஜென்ட் சைக்கிளில் வெட்டின அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். மடிக்க வேண்டும், ஓரத்தில் பசை தடவ வேண்டும், காயவைத்து அடுக்க வேண்டும். மழைக்காலம் ஆனதால் காயாது. ஒற்றை அறை வீடு முழுக்க டப்பா நிற்கும், நாங்கள் நடுவில் பாய் போட்டுப் படுப்போம். பசை புளித்த வாடையும் அப்பா சட்டையில் வரும் தோல் வாடையும் சேர்ந்து வீட்டுக்கே ஒரு வாடை இருந்தது. டப்பா மூடியில் அச்சடித்திருந்த ஷூவைப் போல ஒன்றை நாங்கள் யாரும் காலில் போட்டதில்லை.

தம்பி இளைக்க இளைக்க அம்மாவுக்குக் கவலை ஜாஸ்தியானது. வேலைக்கு நடுவே எழுந்து போய்ச் சோறு பிசைந்து வந்து உருட்டி உருட்டி ஊட்டுவாள். "ஒரு வாய், ஒரே ஒரு வாய்டா ராஜா" என்று கெஞ்சுவாள். அவன் வாயைத் திறப்பதே அம்மா கைக்கு மட்டும்தான். எத்தனை வாய் ஊட்டினாளோ அத்தனையும் பேதியாகப் போகும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊட்டுவாள்.

அப்பாவுக்கு ஒரே எண்ணம்தான். யாரோ திருட்டுத்தனமாக இவனுக்குக் கோதுமைப் பண்டம் கொடுக்கிறார்கள், அந்த ஆளைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவர் தோல் ஷாப்பில், தோலை மருந்தோடு போட்டு உருட்டும் ட்ரம்மை ஓட்டுகிறவர். ட்ரம்மில் தோல் கெட்டுப்போனால் எவன் மருந்தைத் தப்பாகப் போட்டான் என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். வீட்டிலும் அதே முறைதான். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அவர் வரும்வரை தம்பியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு என்று உத்தரவு போட்டார். அம்மாவுக்கு டப்பா, எனக்குத் தம்பி.

அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. பத்து நாள் கழித்து வந்த வெயில். தெருக்கோடியில் பெண்கள் எல்லாம் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். தம்பியைப் பாயம்மா வீட்டு வாசல் படியில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். ஒரு மணி நேரமாவது ஆடியிருப்பேன். திரும்பி வந்தபோது அவன் அதே படியில், அதே இடத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வாந்தி எடுத்தான். நாலைந்து முறை பேதியானது.

அப்பா வந்ததும் இடுப்பு வாரைக் கழற்றினார். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் வீட்டில் வாருக்குப் பஞ்சமா?

"இன்னா துன்னான்? யாரு குடுத்தாங்க? நீ எங்க போயிருந்த?"

எனக்குப் பயமெல்லாம் மூன்றாவது கேள்விக்குத்தான். அதைத் திருப்பிக் கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. "பாயம்மா வீட்ல பிஸ்கட்டு குடுத்தாங்கப்பா. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள துன்ட்டான்" என்றேன்.

பாயில் சுருண்டு கிடந்த தம்பி தலையைத் தூக்கி, "நா துன்னல" என்றான். "பொய் வேற பேச ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அப்பா. அவன் மறுபடியும் சொன்னான். யாரும் கேட்கவில்லை.

அப்பா தெருவில் நின்று கத்தினார். மழைக்கு உள்ளே அடைந்து கிடந்த தெரு மொத்தமும் வெளியே வந்தது. பாயம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நா குடுக்கலண்ணா. சத்தியமா குடுக்கல. எனக்குத் தெரியாதா அவனுக்கு ஆகாதுன்னு?"

"அப்ப எம்பொண்ணு பொய் சொல்றாளா? இனிமே எம்புள்ளைய தொட்டீங்க, நா மனுஷனா இருக்க மாட்டேன்."

பாயம்மா என்னைத் தேடினார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டேன்.

அடித்திருந்தால் கூட அன்றோடு போயிருக்கும். என் பொய் அத்தோடு நிற்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது அல்லவா, வீட்டில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துவிட்டது. "ஒரு பிஸ்கட்டுதான? டாக்டரே சொன்னாரே, ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்" என்று அப்பா ஷிப்டுக்குப் போனார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள். எல்லாம் வந்த வழியே வந்தது. இரண்டாம் நாள் அவன் அழுவதை நிறுத்தினான். அழுகை நின்றதை நாங்கள் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மதியம் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேல் பாயம்மாவின் தலை தெரிந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி ஒண்ணுக்குப் போனானா?"

"நேத்து காலைல போனான்."

"அதுக்கப்புறம்?"

நான் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். பாயம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு, எங்கள் வாசல் வழியாக, யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார். டப்பாக்கள் சரிந்தன. தம்பியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளின இடம் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றது. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் முழிக்கவில்லை.

"பிஸ்கட்டோ எதுவோ, அத அப்புறம் பேசிக்கலாம். புள்ள காஞ்சி போய்ட்டான். கெளம்பு" என்றார் அம்மாவிடம்.

"அவரு வரட்டுமே. ஏதாச்சும் சொல்வாரு."

"அவரு வர்றதுக்குள்ள இவன் போய்டுவான்டி!"

அம்மா எழுந்தாள். ஒட்டிக்கொண்டிருந்த டப்பா கையோடு வந்தது.

நானும் கூடப் போனேன். வேலூர் பஸ்ஸில் பாயம்மா மடியில்தான் தம்பி கிடந்தான். தம்ளரில் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை ஸ்பூன் நுனியில் எடுத்து, உதட்டில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டும்போது அவன் ஒரு தடவை நாக்கை நீட்டி நக்கினான். பாயம்மா அழுதுவிட்டார். தன் குழந்தையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்ததால், தம்பியை உள்ளே எடுத்துக்கொண்டதும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அவர் இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

தம்பிக்கு நரம்பு கிடைக்கவே நேரமானது. குளுக்கோஸ் ஏறி, பொழுது சாய்கிற நேரத்தில் அவன் படுக்கையை நனைத்தான். நர்சம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை வைத்துத்தான் அவன் பிழைத்துவிட்டான் என்று எங்களுக்குப் புரிந்தது. விஷயம் தெரிந்து ஓடிவந்த அப்பா, டாக்டரிடம் பிஸ்கட் கதையைச் சொன்னார். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்த பழைய கேஸ் சீட்டையும் இன்றைய எடையையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஒரே ஒரு பிஸ்கட்டு இந்த வேல பண்ணாதுங்க. மாசக்கணக்குல தெனமும் உள்ள போயிருக்கு. எங்கேர்ந்து போவுதுன்னு பாக்கணும். அது எதுவா இருந்தாலும் சரி, ஒண்ணுக்கு நின்ன அன்னிக்கே வந்திருக்கணும். அரை நாள் தாண்டியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

மறுநாள் காலையில் சாப்பாட்டு விஷயம் விசாரிக்கும் அக்கா ஒருவர் நோட்டோடு வந்தார். இட்லி மாவு எங்கே அரைக்கிறீர்கள், மிளகாய்த்தூள் மிஷினில் கோதுமையும் அரைப்பார்களா, பெருங்காயத்தில் மைதா கலப்பார்களே, எந்தப் பெருங்காயம் என்று துருவித் துருவிக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மிளகாயை வீட்டு உரலில்தான் இடிப்பாள். பெருங்காயத்தை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது. அந்த அக்கா எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி பசி என்றான். அம்மா பூரித்துப்போய் ஆஸ்பத்திரிச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டப் போனாள்.

"கையில இன்னாம்மா, நகத்த சுத்தி வெள்ளையா?"

"பசைம்மா. டப்பா ஒட்றது. காஞ்சா லேசுல போவாது."

"பிரஷ்ல தடவ மாட்டீங்களா?"

"வெரலால இழுத்தாதான் ஓரம் வரைக்கும் போவும்."

"பசை எதுல காச்சுவீங்க?"

"மைதாலதான்" என்றாள் அம்மா. "ஆனா உள்ளார கொண்டாரவே மாட்டம்மா. வாசல்லயே தனி அடுப்பு வெச்சி, தனி குண்டான்ல..."

பாதியில் அவளுக்கே புரிந்துவிட்டது. உருட்டின கவளம் கையிலேயே இருந்தது. தம்பி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். மைதா என்றால் தின்பது, பசை என்றால் ஒட்டுவது, இரண்டும் எங்கள் தலையில் வேறு வேறு அறையில் இருந்தன. மாதக்கணக்காகத் தெருவில் இருந்த அத்தனை பேர் கையையும் சந்தேகப்பட்டோம், ஊட்டுகிற கையை யார் சந்தேகப்படுவார்கள்? அம்மா கவளத்தைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, குழாயடிக்குப் போய் நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். அதற்குப் பிறகு அவனுக்கு அவள் ஊட்டவேயில்லை. டப்பா வேலையை விட்டு வருடக்கணக்கான பின்பும், அவன் கல்யாணத்தன்று எல்லாரும் ஒரு வாய் ஊட்டச் சொன்னபோதும், ஸ்பூனை எடுத்து அவன் கையில்தான் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் நான் உண்மையைச் சொன்னேன். வாரை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மருந்தில் ஊறி நகமெல்லாம் நீலம் பாய்ந்த கைகள்.

"இத யார்கிட்டயும் கெளறாத" என்றார் கடைசியில். "பிஸ்கட்டு இல்லன்னா அப்ப இன்னான்னு கேப்பாங்க. பெத்தவளே வெஷம் ஊட்னான்னு தெரு பேசும். உங்கம்மா தாங்க மாட்டா. பாயம்மாகிட்ட நா பேசிக்கறேன்."

அவர் பேசினார். கை கூப்பி, புள்ளைய காப்பாத்திட்டீங்க என்று சொன்னார். பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்தவர் மாதிரி நடந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அம்மாவைக் காப்பாற்ற நினைத்தார், அது எனக்குப் புரிகிறது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சில வருடம் கழித்து பாயம்மா குடும்பம் பேரணாம்பட்டுக்கு மாறிப் போனது. தெருவில் யாராவது அவரைப் பற்றிப் பேசினால், தங்கமான மனுஷி, அந்தப் பையனுக்குப் பிஸ்கட் கொடுத்தாரே அது ஒன்றுதான் தப்பு என்பார்கள். நான் எழுந்து போய்விடுவேன்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன மாதம் பாயம்மா இறந்த செய்தி வந்தது. தம்பியும் நானும் துக்கம் கேட்கப் போனோம். தம்பி இப்போது வாசற்படியையே அடைக்கிற ஆள். அவன் ஆண்களோடு வெளியே உட்கார்ந்துகொண்டான். அன்று இரண்டு வயதாக இருந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போனாள்.

"அண்ணன் நல்லா கீறாரா? அம்மா எப்பவும் கேப்பாங்கக்கா. எம்புள்ளைங்கள கூட மாவுக் கையோட தொட மாட்டாங்க தெரியுமா? சப்பாத்தி போட்டா சோப்பு போட்டு மூணு தடவ கைய கழுவிட்டுத்தான் தூக்குவாங்க. 'நா பிஸ்கட்டு குடுக்கல, அது எனக்கு நல்லா ஞாபகம் கீது. ஆனா படில உக்காந்திருந்தான், அழகா கீறானேன்னு கன்னத்த கிள்ளினேன். கையில மாவு இருந்துச்சோ இன்னமோ, அந்தப் பொண்ணு அதத்தான் பாத்துட்டு சொல்லிச்சோ இன்னமோ'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க."

அப்போதுதான் சொன்னேன். கயிறு தாண்டப் போனது, வார், பிஸ்கட், பசை, எல்லாம். அந்தப் பெண் என் கையை விட்டுவிட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அம்மாகிட்ட ஒரு தடவ வந்து சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான்.